தண்ணீரின் நிறம்: மன்னார்குடி நாட்குறிப்பு

ஜூன் 9

அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 238. கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போகிறது.

ஜூன் 10

ஆறு மணிக்கே பாமணியாற்றுப் பாலத்துக்குப் போய்விட்டேன். ஆறு காய்ந்து கிடக்கிறது. அடியில் வண்டல் பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கின்றன. வெயில் சாய்ந்து விழும் கொஞ்ச நேரம்தான் அந்த வெடிப்புகளின் ஆழம் தெரிகிறது. ஏழு மணி தாண்டினால் எல்லாம் தட்டை. கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, லென்ஸ் 18 மில்லிமீட்டரில். ட்ரைபாட் நின்ற இடத்தைக் கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் குறித்துவைத்தேன். தண்ணீர் வந்ததும் இதே இடம், இதே உயரம், இதே நேரம்.

மறுகரையில் வரப்போரம் அண்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். போர் செட் உள்ளவர்கள் நாற்று விட்டாயிற்று. மற்றவர்கள் எல்லாரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் 12

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, "கலர் எப்படி இருக்கு?" என்றாள். வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வருகிறது என்றேன். "அங்க அப்படித்தான். நம்ம ஊருக்கு வர்றப்ப செவப்பா வரும்."

கல்லணைக்கு மூன்று நாள். அங்கிருந்து வெண்ணாறு. நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அப்புறம்தான் நாங்கள்.

ஜூன் 13, இரவு

தூக்கம் வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முன்பு எடுத்த புதுத்தண்ணீர் படங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் சாம்பல். அன்றைக்கு வந்தது செங்காவி, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இது ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் வேலை. ஃப்ரேம் முழுக்கச் செம்மண் நிறமாக இருந்தால், வெளிச்சமே மஞ்சள் போலிருக்கிறது என்று கேமரா முடிவுகட்டி, நீலத்தைக் கூட்டி நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஜேபெக்கில் இருப்பவற்றை ஓரளவுக்கு மேல் மீட்க முடியாது. கேமரா திருத்தாமல் பதிந்த ரா கோப்புகளை டார்க்டேபிள் மென்பொருளில் திறந்து ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினுக்கு ஏற்றினேன். செம்மை திரும்பி வந்தது. 5800ல் இன்னும் நன்றாக இருந்தது. 6500ல் ரொம்ப அழகு.

அங்கேதான் பயம் பிடித்தது. இதில் அன்றைக்கு இருந்த நிறம் எது, எனக்குப் பிடித்த நிறம் எது? ஸ்லைடர் எங்கே நிற்க வேண்டும் என்று யார் சொல்வது? அழகாக்கிவிடுவது சுலபம். ஆனால் இந்த ஆற்றில் வருடத்தில் ஒரு நாள்தான் இந்த நிறம் வருகிறது, அதைப் பொய்யாகப் பதிந்துவைக்க எனக்கு மனசில்லை. அறுபது வருடமாக இந்தத் தண்ணீரைப் பார்த்தவள் பக்கத்து அறையில் தூங்குகிறாள். நேற்று அவளிடம் என் படங்களைக் காட்டினேன். எல்லாப் படமும் பழுப்பு என்கிறாள்.

நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டை, கிரே கார்டு, அதைப் பையில் வைத்தாயிற்று. தண்ணீர் மேல் விழும் அதே வெளிச்சத்தில் கார்டைப் பிடித்து ஒரு ஷாட். மற்றதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஜூன் 14

கேமராவுக்கு ஈரம் உறிஞ்ச வைத்த சிலிகா ஜெல் நீலம் போய் ரோஸாகிவிட்டது. சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் போட்டு வறுத்தேன். மறுபடி நீலம்.

ஜூன் 15

கல்லணை திறந்தாயிற்று. நெல்லும் பூவும் தூவினார்கள். சர்க்கரை 201.

ஜூன் 17

தேதி கொடுத்துவிட்டார்கள், 20. தஞ்சாவூர். முதல் நாள் சாயந்திரமே போய்ச் சேர வேண்டும்.

தண்ணீரும் அன்றைக்கே வந்தால்? மதகு பார்க்கும் லஸ்கர் அண்ணனிடம் கேட்டேன். தலைப்புக்கு வந்துவிட்டதாம். "எந்த ஷட்டரை எவ்வளவு ஏத்துறதுன்னு மேலேருந்து சொல்லணும்மா. நான் என்ன சொல்றது?" கேட்டிருக்கக்கூடப் பிடிக்கவில்லை, அம்மாவின் கண்ணும் ஆற்றுத் தண்ணீரும் ஒரே தராசில் ஏறுவது போல் இருந்தது. தண்ணீர் எப்போதும் வரும், போகும். ஆனால் முதல் தண்ணீர் பாலத்தடியைத் தொடுவது ஒரே தரம். சாப்பிடும்போது, குளிக்கும்போது, பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது இதே நினைப்பு.

பேட்டரி இரண்டும் முழு சார்ஜ்.

ஜூன் 19

வந்துவிட்டது.

விடிய நாலே முக்காலுக்கு லஸ்கர் அண்ணன் போன் செய்தார். "ஓடியாம்மா, மேலப் பாலத்தத் தாண்டிருச்சு." பல்கூட விளக்காமல் வண்டியை எடுத்தேன்.

ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தது. முன்னால் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு, நுரை, தெர்மாகோல், கேரிபேக், தென்னம்பாளை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு. ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, நிற்கிறது. உள்ளேயிருந்து காற்றுக்குமிழ்கள் மேலே வந்து உடைகின்றன. நிரம்பியதும் அடுத்த பாளத்துக்கு. ஆற்றுக்குள் இறங்கி கேமராவைத் தரையோடு வைத்து எடுத்தேன். ஐஎஸ்ஓ 1600, நொடியில் 250ல் ஒரு பங்கு. தண்ணீர் வர வர நான் பின்னால் நகர்ந்தேன். பையன்கள் கிரிக்கெட்டுக்கு நட்ட ஸ்டம்புகள் அப்படியே நின்றன, தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே மடையான் கொக்குகள். ஈரம் பட்டு வெளியே வரும் பூச்சிக்காக.

ஒரு பாட்டி கரையிலிருந்து இறங்கி வந்து, கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

பாலத்துக்கு ஏறி, சாக்பீஸ் குறியில் ட்ரைபாட். கிரே கார்டுக்கு ஒரு ஷாட். அப்புறம் அதே ஃப்ரேம், வெடிப்புகள் பாதி மூழ்கியபடி. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன்.

மாலை நாலு மணி பஸ்.

ஜூன் 20

வலது கண் முடிந்தது.

ஜூன் 21

கட்டுப் பிரித்தார்கள். என் துப்பட்டாவைத்தான் முதலில் பார்த்தாள். "இது ஊதாவா? கருப்புன்னுல்ல நெனச்சேன்."

புரை விழுந்தால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிப் பழுத்து, நீலத்தை உள்ளே விடாது என்று டாக்டர் விளக்கினார். வருடக்கணக்காக மெதுமெதுவாக நடப்பதால் பார்ப்பவருக்கே தெரியாதாம். கார்டு வைக்காமல் எடுத்த என் படங்களும், அம்மாவும் ஒரே கதைதான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 22

பாட்டில் தண்ணீர் தெளிந்துவிட்டது. அடியில் விரல் கனத்துக்கு வண்டல், மேலே கண்ணாடி. குலுக்கினால் நிறம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. சொட்டு மருந்து: ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து.

ஜூன் 26

கார்டு 5350 கெல்வின் சொல்கிறது. லேப்டாப்பில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்துவிட்டு, அம்மாவை உட்காரவைத்துக் காட்டினேன். வலது கண்ணால் பார்த்து, "இதுதான். ஆனா எங்கயோ பச்சை அடிக்குது" என்றாள். எனக்குத் தெரியவே இல்லை. டின்ட்டைப் பச்சைக்கு எதிரான மெஜந்தா பக்கம் ஒரு இழை நகர்த்தினேன். "ம்."

அப்புறம் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். "இதுவும் நான் பாத்த தண்ணிதான்டி. இத்தன வருஷமா இதத்தான பாத்தேன்."

நிறத்தின் அடர்த்தியை, சாச்சுரேஷனை, தொடவில்லை. தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினேன், போட்டோவாக அனுப்பினால் அமுக்கிவிடுகிறது. "கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணுக்கா" என்று பதில். மாட்டேன்.

ஜூலை 2

மழை.

ஜூலை 6

தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டிய வயல்களில் வானம் கிடக்கிறது. லென்ஸில் பிரதிபலிப்பை வெட்டும் போலரைசரைத் திருப்பினால் வானம் மறைந்து சேறு வருகிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி வானம். நடவு ஆட்களின் கை வேகத்துக்கு 500ல் ஒரு பங்கு வேண்டும். ஒரு அக்கா, "மூஞ்சியப் புடிக்காத, கையப் புடி" என்றார். கையை எடுத்தேன். இன்று எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

ஜூலை 10

ஹரித்ராநதித் தெப்பக்குளத்தில் ஆனித் தெப்பம். அம்மாவைக் கூட்டத்தில் விட முடியாது, கரையோரத் திண்ணையில் உட்காரவைத்தேன். எல்இடி சரங்களால் முதல் படங்களில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இந்த விளக்குகள் நொடிக்கு 100 தரம் அணைந்து எரிகின்றன. 100ல் ஒரு பங்குக்கு இறக்கியதும் கோடு போனது. சிவப்பு சேனல் மட்டும் தனியாக அளவு மீறியது, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் குறைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "இடது கண்ணையும் பண்ணிட்டா, அந்தப் பழைய கலர் போயிடுமா?"

போய்விடும்.

ஜூலை 13

இடது கண்ணுக்குத் தேதி 18.

இன்று உட்கார்ந்து ஒரு காரியம் செய்தோம். பாலத்துப் படம் இரண்டு பிரதி, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று கார்டு சொன்ன 5350. அதை இடது கண்ணால் பார்க்கிறாள். இன்னொன்றை வலது கண்ணால். இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை வலது பக்கத்துப் படத்தின் ஸ்லைடரை நான் ஏற்ற வேண்டும். ஏற்றிய அளவு அவளுடைய மஞ்சள். 6500 தாண்டியாயிற்று. 7200 என்றேன், இல்லை என்று தலையாட்டினாள். 7600. "இன்னும் ஏத்து." கண்ணை மாற்றி மாற்றி மூடுவதில் நெற்றி சுருங்குகிறது, அவளுக்கு அலுக்கவில்லை. 8000ல் நிறுத்தினாள். "மஞ்சள் வந்துருச்சு. இருட்டு பத்தல." அதைச் சொன்னதும்தான் எக்ஸ்போஷரையும் சேர்த்து இறக்க வேண்டும் என்று பட்டது. முக்கால் ஸ்டாப் இறக்கியபோது சொட்டு மருந்துக்கு அலாரம் அடித்துவிட்டது. நாளைக்கு அங்கிருந்து தொடங்கணும்