பக்கத்தில் எழுதப்படாத எண்

அந்தக் கார் என்னிடம் வந்தபோது, என்ஜின் அறைகளின் அழுத்தத்தை அளந்து இன்னொரு பட்டறையில் எழுதிக் கொடுத்த கம்ப்ரஷன் அறிக்கையும் கூடவே வந்தது. 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த, பிஸ்டனுக்குப் பதிலாக இரண்டு ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி என்ஜின் கொண்ட வண்டி. “சில நாள் ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயிடுது சார், சில நாள் எவ்வளவு செல்ஃப் அடிச்சாலும் பிடிக்க மாட்டேங்குது” என்றார் உரிமையாளர். அறிக்கையில் இரண்டு ரோட்டர்களுக்கும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோவுக்குக் குறைவான எண்களும், அவற்றின் கீழே ‘சீல் தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்க வேண்டும்’ என்ற தீர்ப்பும் இருந்தன.

1967இல் காஸ்மோ ஸ்போர்ட்டில் தொடங்கி மாஸ்தா பல பத்தாண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த என்ஜின் வகை இது என்றாலும், அதைத் திறந்து பார்த்த மெக்கானிக்குகள் குறைவு. அதனால் என்ன கோளாறு வந்தாலும் பழி முதலில் சீல்கள் மேல்தான் விழுகிறது. பழிக்கு ஒரு காரணமும் இல்லாமல் இல்லை. பிஸ்டனும் வால்வும் இல்லாத இந்த என்ஜினில், முக்கோண வடிவ ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள்தான் அறைகளைப் பிரித்து அழுத்தத்தைக் காக்கின்றன. அந்தச் சீல்களின் மேல் படிந்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை, எரியாமல் தங்கிய பெட்ரோல் கழுவிவிட்டால் அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்தால் வண்டி பிடிக்காது. பிடிக்காத வண்டிக்கு மேலும் மேலும் செல்ஃப் அடித்தால் இன்னும் பெட்ரோல் சேரும்.

நானும் முதலில் அவசரப்பட்டேன். பெட்ரோலில் நனைந்திருந்த நான்கு பிளக்குகளையும் மாற்றி, பத்து முறை ஸ்டார்ட் செய்து, பத்து முறையும் பிடித்ததைப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் அது கட்டி இழுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. குளிர்ந்த என்ஜினில் பத்து முறை சோதித்தாலும் அது ஒரே சோதனைதான் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அன்றைக்கு வேலை நெருக்கத்தில் தெரியாதவன்போல் நடந்துகொண்டேன்.

இரண்டாம் முறை கருவிகளைத் தொடவில்லை. உரிமையாளரிடம் ஒரு சிறு நோட்டைக் கொடுத்து, எவ்வளவு நேரம் ஓட்டினார், அணைத்து எவ்வளவு நேரம் நிறுத்தினார், செல்ஃப் எந்த வேகத்தில் சுற்றியது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் எழுதச் சொன்னேன். இரண்டு வாரத்தில் விடை ஏறக்குறைய அதிலேயே வந்துவிட்டது. ஒன்றைத் தவிர எல்லாத் தகராறும், அரை மணி நேரமாவது ஓடிய வண்டியை அணைத்து, கால் மணியிலிருந்து முக்கால் மணிக்குள் மீண்டும் எடுத்தபோது நிகழ்ந்தவை. அவற்றில் பலவற்றின் எதிரே ‘செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது’ என்று அவர் எழுதியிருந்தார்.

வண்டியை நானே முப்பது நிமிடம் ஓட்டிவந்து, பானெட்டைத் திறக்காமல் இருபது நிமிடம் காத்திருந்தேன். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை என்ஜின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, உதவியாளரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 1.9 வோல்ட் காட்டியது. காலையில் குளிர்ந்த நிலையில் அதே இடத்தில் 0.3தான் இருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையை என்ஜின் உடம்போடு இணைக்கும் எர்த் கேபிளின் முனையும் போல்ட்டும் பளபளவென்றுதான் இருந்தன; யார் பார்த்தாலும் நல்ல கேபிள் என்றே சொல்வார்கள். அழுத்திப் பொருத்தப்பட்ட முனைக்குப் பின்னால் உறையைக் கத்தியால் கீறியபோது, உள்ளே செம்புக் கம்பிகள் பாசிபோல் பச்சை பிடித்து, விரலால் தேய்த்ததும் தூளாக உதிர்ந்தன. குளிர்ந்திருக்கும்போது எப்படியோ தாக்குப்பிடித்த அந்த இணைப்பு, சூடேறியதும் மின்தடை கூடி, ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தில் பெரும்பங்கைத் தானே விழுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த அறிக்கை மீண்டும் நினைவுக்கு வந்தது. அதில் அழுத்தத்தின் பக்கத்தில் செல்ஃப் சுற்றிய வேகம் எழுதப்படவில்லை. அந்த என்ஜினின் கையேடு கேட்கும் குறைந்தபட்ச அழுத்தமான 6 கிலோ, நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் அளக்க வேண்டியது; மெதுவாகச் சுற்றினால் நல்ல சீலும் குறைவாகத்தான் காட்டும். இந்த என்ஜினில் தண்டு ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு அழுத்தத் துடிப்பு வரும் என்பதால், வேகத்தை அளக்கத் தனிக் கருவிகூட வேண்டியதில்லை. மீட்டர் முள்ளின் துடிப்பைக் கைபேசியில் படம்பிடித்துப் பத்து நொடிக்கு எண்ணி, ஆறால் பெருக்கினால் போதும். பழைய கேபிளோடு சூட்டில் எண்ணியபோது 25 துடிப்பு, அதாவது 150 சுற்று. புதிய கேபிள் போட்ட பிறகு 42 துடிப்பு, அதாவது ஏறக்குறைய 250 சுற்று. அழுத்தமும் முன் ரோட்டரில் 6.8, பின் ரோட்டரில் 6.6 என்று ஏறியது. ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று முகங்களின் துடிப்பும் ஒரே உயரத்தில் இருந்தன. இறக்கப்படவிருந்த என்ஜினில் குறையே இல்லை.

நோட்டில் சூட்டோடு சேராத அந்த ஒரு பதிவு, வண்டியைக் கழுவுவதற்காக ஐந்து மீட்டர் நகர்த்தி உடனே அணைத்த நாளின் மறுநாள் காலையுடையது. அது கேபிளின் குற்றமல்ல. குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதலாகப் போன பெட்ரோல் எரிந்து தீர்வதற்குள் அணைத்ததுதான் காரணம். எடுத்தால் வெப்பமானியின் முள் எழும்வரை ஓடவிடச் சொல்லி, பிளக்குகள் நனைந்துவிட்டால் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டுச் சில நொடி செல்ஃப் அடித்து உள்ளே இருப்பதை வெளியேற்றும் முறையையும் காட்டிக்கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தவர், அழுத்தத்தை இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். பில்லின் பின்புறம் ஆறு முகங்களுக்கும் ஆறு எண்களை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் செல்ஃப் சுற்றிய வேகத்தையும் எழுதிக் கொடுத்தேன்.