ரெக்சினுக்கு எந்தச் சுங்கக் குறியீடு? பினாங்கில் நாங்கள் கடந்து வந்த வழி

சோபா உறை தைக்க ரெக்சின் இறக்குமதி செய்யும் பலர், சரக்கைப் பார்த்துக் குறியீடு போடுவதில்லை. இன்வாய்ஸைப் பார்த்துப் போடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சீனாவிலிருந்து பினாங்கின் பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு வந்த எங்கள் சரக்கின் இன்வாய்ஸில் "செயற்கைத் தோல்" என்று ஒரே வரிதான் இருந்தது. விற்றவர் போட்டிருந்த தலைப்பு (குறியீட்டின் முதல் நான்கு இலக்கம்) 3921, அதாவது பிளாஸ்டிக் தகடு. இறக்குமதியை அறிவிக்கும் கே1 படிவத்தில் 5903 போடலாம் என்றார் எங்கள் ஏஜெண்ட். அது பிளாஸ்டிக் பூசிய துணி. சுங்க அதிகாரி இரண்டையும் கேட்டுக்கொண்டு, மாதிரித் துண்டும் தயாரிப்பாளரின் விவரத்தாளும் வேண்டும் என்றார். நியாயமான கேள்வி. பெயரில் தோல் இருந்தாலும் சுங்கப் பட்டியலில் தோலுக்கான 41ஆம் அத்தியாயத்தில் இதற்கு இடமில்லை, அது மட்டும் எல்லோருக்கும் தெளிவாக இருந்தது.

கிடங்கில் உட்கார்ந்து துண்டுகளைப் பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தோம். சரக்கு ஒன்றல்ல, இரண்டு! முதல் ரகத்தில் மேலே மெல்லிய தோல் போன்ற படலம், நடுவில் பஞ்சு மாதிரி நுண்துளைகள் நிறைந்த பிளாஸ்டிக், அடியில் வெறும் வெள்ளைப் பின்னல் துணி. இரண்டாவதில் பிளாஸ்டிக் பூச்சு மெல்லியது. அடியில் இருந்த நெய்த துணியோ ஒரு பக்கம் தேய்த்து மெல்லிய முடி எழுப்பியது, தொட்டால் வெல்வெட் போல இருந்தது.

இந்த அடித்துணிதான் விஷயத்தின் உயிர். பூசிய துணிகள் வரும் 59ஆம் அத்தியாயத்தின் 2ஆம் குறிப்பு, நுண்துளையுள்ள பிளாஸ்டிக்குக்குப் பலம் சேர்க்க மட்டும் துணி ஒட்டியிருந்தால் அதை பிளாஸ்டிக்குக்கான 39ஆம் அத்தியாயத்துக்கு அனுப்பிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய, வேலைப்பாடு இல்லாத, வெளுத்த அல்லது ஒரே சாயமிட்ட துணி பலத்துக்கானது என்று சுங்கப் பட்டியலின் விளக்கக் குறிப்புகள் கருதுகின்றன. முடி எழுப்பிய துணி, அச்சடித்த துணி அப்படியல்ல. துணியாக 5903இல் சேர அதே குறிப்பில் இன்னொரு சோதனையும் உண்டு: 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில், 15 முதல் 30 டிகிரி வெப்பத்தில், உடையாமல் கையால் வளைக்க முடிய வேண்டும். பென்சில் கிட்டத்தட்ட அந்தப் பருமன்தான். இரண்டு ரகமும் தாராளமாக வளைந்தன.

அப்புறம், தலைப்புக்கு அடுத்த இரண்டு இலக்கத்துக்காக, எந்தப் பிளாஸ்டிக்? செம்புக் கம்பியைச் சூடாக்கித் துண்டில் தொட்டு மீண்டும் நெருப்பில் காட்டினால், பிவிசி என்றால் குளோரின் இருப்பதால் சுடர் பச்சையாக எரியும். முதல் ரகம் பளிச்சென்று பச்சை காட்டியது, இரண்டாவது காட்டவில்லை. இது நமக்கு ஒரு துப்பு மட்டுமே. சுங்கத்துறை மாதிரிகளை மலேசிய வேதியியல் துறைக்கு அனுப்பிச் சோதிக்கும். அந்த முடிவுதான் செல்லும். ஆகவே விற்றவரிடமிருந்து ஒவ்வொரு அடுக்கின் பொருள், எடை, பூச்சின் வகை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

இதையெல்லாம் சேர்த்து, 1967ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி முன்கூட்டியே வகைப்பாட்டு முடிவு கேட்டு விண்ணப்பித்தோம். ரகத்துக்கு ஒரு விண்ணப்பம், கூடவே மாதிரி, வெட்டு முகத்தின் படம். முதல் ரகம் 3921.12 (நுண்துளையுள்ள பிவிசி தகடு), இரண்டாவது 5903.20 (பாலியூரித்தேன் பூசிய துணி) என்று முடிவு வந்தது. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்குப் பொது, எட்டு வரை ஆசியானுக்கு, அதற்கு மேல் மலேசியாவுக்கு. அதனால் சீனக் குறியீட்டை அப்படியே நகலெடுக்க முடியாது.

ஃபார்ம் ஈ விஷயத்தையும் கவனியுங்கள். சீனச் சரக்குக்குச் சலுகை வரி கேட்கும் அந்த மூலச் சான்றிதழில் ஒரு குறியீடும் கே1 படிவத்தில் வேறொன்றும் இருந்தால் கேள்வி வரும். இப்போது விற்றவர் இன்வாய்ஸிலும் ஃபார்ம் ஈயிலும் இரண்டு ரகத்தையும் தனித்தனி வரியாக எழுதி, அடித்துணி எது என்பதையும் சேர்த்துவிடுகிறார்.

அடுத்து வரவிருக்கும் ரகத்துக்கு நெய்யாத துணிதான் அடி. அங்கே 5603 தலைப்பும் போட்டிக்கு வருகிறது. ஆர்டர் உறுதி செய்வதற்கு முன்பே மாதிரி கேட்டு எழுதியிருக்கிறோம்.