630001: காரைக்குடி பின்கோடும் அதன் மீதிகளும்

காரைக்குடி முகவரியின் கடைசி வரியில் வரும் 630001 பகா எண்ணா, பகு எண்ணா? பார்த்தவுடன் பகா எண் என்றுதான் தோன்றும். 630000 = 2⁴ × 3² × 5⁴ × 7. அதோடு ஒன்று சேர்ந்திருப்பதால் 2, 3, 5, 7 எதால் வகுத்தாலும் மீதி 1. பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். பகா எண்களுக்கு முடிவில்லை என்று காட்டும் யூக்ளிட்டின் நிரூபணத்தை அரைகுறையாகப் படித்ததால் வரும் கோளாறு இது. பகா எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால், வரும் எண் அந்தப் பகா எண்களால் வகுபடாது. அவ்வளவுதான். 2×3×5×7×11×13 + 1 = 30031 கூட 59 × 509 தானே!

ஆக, வகுத்துத்தான் பார்க்க வேண்டும். பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீரும். 793² = 628849, 794² = 630436. எனவே 793 வரை உள்ள 138 பகா எண்கள் போதும். வகுபடாத இடத்தில் வெறும் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகராதீர்கள். பேரேட்டில் எழுதுவது போல மீதியையும் எழுதி வையுங்கள்:

11→9, 13→8, 17→15, 19→18, 23→8, 29→5, 31→19, 37→2, 41→36, 43→8, 47→13, 53→43, 59→58, 61→54, 67→0.

19ஆவது பகா எண்ணிலேயே முடிந்தது. 630001 = 67 × 9403. 97² = 9409 என்பதால் 9403-ஐ 89 வரை சோதித்தால் போதும். 61 வரை மேலேயே பார்த்தாயிற்று. மிச்சம் 67, 71, 73, 79, 83, 89. (67-ஐ மறுபடி பார்க்க மறந்துவிடுவார்கள், அது இரண்டு முறை வரலாம்.) எதாலும் வகுபடவில்லை, 9403 பகா எண்.

இப்போது எழுதி வைத்த மீதிக்கு வேலை வருகிறது. 630002-க்கு எல்லா மீதியும் ஒன்று கூடும். 19→18, 59→58 இரண்டும் ஒன்று குறைவாக நின்றவை, இப்போது நிரம்பிவிடும்: 630002 = 2 × 19 × 59 × 281. அழகப்பா பல்கலைக்கழக முகவரியில் வரும் 630003-க்கு இரண்டு குறைவாக நின்றவற்றைத் தேடுங்கள். 3→1, 11→9, 17→15. விடை 3 × 11 × 17 × 1123. இந்தச் சிறு காரணிகளைக் கண்டுபிடிக்கப் புதிதாக ஒரு நீள்வகுத்தலும் தேவைப்படவில்லை.

தவறு வழக்கமாக நுழையும் இடம் 11. வலமிருந்து இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 1−0+0−0+3−6 = −2. இதை மீதி 2 என்று எழுதினால் 630003-இல் 11 கைவிட்டுப் போகும். 11−2 = 9 என்றுதான் எழுத வேண்டும்.

எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிக் காரணி காணும் ஃபெர்மாவின் முறை 630001-க்கு வீண். காரணிகள் அருகருகே இருந்தால்தான் அது ஓடும். இங்கே 4735² − 4668² வரை போக வேண்டும். 794-இல் தொடங்கினால் 3942 முயற்சி.

630001-ஐ இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதால் ஆசை எழும். ஆனால் அப்படி எழுத, 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படை முறை வர வேண்டும். 67, 9403 இரண்டுமே 4-ஆல் வகுக்க மீதி 3 தருபவை, ஒவ்வொன்றும் ஒரே முறைதான் வருகின்றன. கணினியில் தேடவிட்டாலும் வெறுங்கையோடுதான் திரும்பும்.