மழையை உள்ளே விடும் சுவர்

இன்று ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஆர்னால் கிராமத்தின் 42ஆம் எண் ‘பிளாக்ஹவுஸ்’ கல்வீட்டுக்குள் நுழைந்ததும், தரை நடுவே எரியும் கரிமண் (சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்தி எரிக்கும் மண்) நெருப்பின் புகையில் கண்கள் கரித்தன; புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாகவே கசிந்து வெளியேறுகிறது.

வெளியே வந்து சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாந்தின்றி அடுக்கிய இரண்டு கற்சுவர்கள், இடையில் மண். கூரை வெளிச்சுவரைத் தாண்டி நீளாமல் உட்சுவரின் மேலேயே அமர்ந்திருப்பதால், அட்லாண்டிக் புயல் பிடித்துத் தூக்குவதற்கு இறவாரமே இல்லை; கூரையிலிருந்து வழியும் மழைநீர் நடுமண்ணில் இறங்கி, அதை ஈரமாக வைத்துக் காற்று புகாமல் தடுக்கிறது.

மழையை விரட்டாமல் சுவருக்குள்ளேயே அனுமதித்த அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கால்நடைகளும் இதே கூரையின் கீழ்தான் வாழ்ந்தன. புகைக்கரி படிந்த பழைய கூரை வைக்கோல் வயலுக்கு எருவானது. 1960களின் நடுப்பகுதி வரை இங்கே மக்கள் குடியிருந்தார்கள்.