டெட் பாஸ் பண்ணிட்டா வேலை வந்துடுமா? குடியாத்தத்துல இருந்து ஒரு அனுபவம்

பி.எட் படிக்கலாமா, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதினா உடனே வேலை வருமான்னு சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, பக்கத்துத் தெரு பொண்ணுங்கன்னு யாராவது ஒருத்தர் கேட்டுகினே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் குடியாத்தம் பக்கம், திருமகள் மில்ஸ் அரசு காலேஜ்ல பி.எஸ்சி மேத்ஸ், அப்புறம் பி.எட், இப்ப ஒரு கவர்மெண்ட் ஹைஸ்கூல்ல கணக்கு பி.டி டீச்சர், அதாவது பட்டதாரி ஆசிரியர். சிலபஸ், மாடல் கொஸ்டின் எல்லாம் எங்க வேணா கெடைக்கும், அத நான் திரும்ப எழுதப் போறதில்ல. படிக்கறத எப்படியோ படிச்சிடுவீங்க, ஆளை நாய் மாதிரி அலைய விடறது சர்டிபிகேட் பேப்பருங்க தான், அதத் தான் முக்கியமா சொல்லப் போறேன்.

முதல்ல எந்த கிளாஸுக்கு டீச்சர் ஆகப் போறோம்னு முடிவு பண்ணிக்கணும், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் வழி வேற. பிளஸ் டூ முடிச்சுட்டு ரெண்டு வருஷ டிப்ளமோ, அதாவது டி.எல்.எட் (நம்ம பக்கத்துக்கு ராணிப்பேட்டைல டயட்னு கவர்மெண்ட் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கு), படிச்சா ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் இடைநிலை ஆசிரியர், டெட் பேப்பர் ஒண்ணு எழுதணும். டிகிரி முடிச்சு பி.எட்னா பட்டதாரி ஆசிரியர், ஆறுல இருந்து பத்து, டெட் பேப்பர் ரெண்டு. பி.ஜி முடிச்சு பி.எட் வெச்சிருந்தா பிளஸ் ஒன் பிளஸ் டூக்கு, அதுக்கு டெட்டே வேணாம், நேரா பி.ஜி டி.ஆர்.பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம் வெக்கற எக்ஸாம், எழுதலாம். பி.காம் படிச்சவங்க பி.எட் சேரலாமான்னு கேக்கறாங்க, எம்.காம் முடிச்சிட்டுத் தான் சேர முடியும். இதத் தெரியாம சேரப் போய் திரும்பி வந்த ஆளுங்கள நானே பாத்திருக்கேன்.

டிகிரி பேரும் முக்கியம். என் கூட பஸ்ல வர ஒரு பொண்ணு, சர்டிபிகேட்ல மேத்ஸ்னு மட்டும் இல்லாம கூடவே கம்ப்யூட்டர் சேர்ந்த மாதிரி நீளமா ஒரு பேரு. இது மேத்ஸுக்குச் சமம்னு கவர்மெண்ட் போட்ட ஜி.ஓ (அரசாணை) இருந்தா தான் ஏத்துப்பாங்க. காலேஜ்ல சேரும்போது எல்லாம் ஒண்ணு தான்மான்னு சொன்னாங்களாம், ஜி.ஓ காப்பி கேட்டப்ப ஒருத்தர் இன்னொருத்தரக் கை காட்டறாங்க. உங்க டிகிரி வெறும் தமிழ், இங்கிலீஷ், மேத்ஸ், பிசிக்ஸ்னு இல்லன்னா பி.எட் ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடியே அந்த ஜி.ஓ காப்பிய கையில வாங்கிடுங்க.

பி.எட் சேர ஓ.சி.க்கு டிகிரில 50 சதவீதம், பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி எஸ்.டி.க்கு 40. காட்பாடி காந்தி நகர்ல கவர்மெண்ட் பி.எட் காலேஜ் இருக்கு, கிடைச்சா கண்ண மூடிகினு சேருங்க, ஃபீஸ் ரொம்பக் கம்மி. ஆனா தமிழ்நாடு முழுக்க இந்த மாதிரி கவர்மெண்ட் காலேஜ் ஏழு தான், கவுன்சிலிங்ல என் மார்க்குக்கு வரல. நைனா தறி ஓட்டறவரு, ஃபீஸ கேட்டதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அம்மா செயின் பேங்குக்குப் போச்சு, நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல சேர்ந்தேன். சில காலேஜ்ல நீங்க வரவே வேணாம், பணத்தக் கட்டிட்டா அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்னு ஓப்பனாவே சொல்லுவாங்க. அங்க சேர்ந்து பட்டம் வாங்கினவங்க நிறைய இருக்காங்க தான், ஆனா நாப்பது பசங்க முன்னாடி சாக்பீஸ் பிடிச்சு நிக்கும்போது தெரியும் அந்த ரெண்டு வருஷத்துல இன்னா போச்சுன்னு.

முன்ன எல்லாம் பி.எட் ஒரே வருஷம், 2015ல இருந்து தான் ரெண்டு வருஷம் ஆச்சு. தியரி பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, எக்ஸாமுக்கு முன்னாடி படிச்சாலே போதும். உயிர எடுக்கறது ரெக்கார்டு தான். லெசன் பிளான், மைக்ரோ டீச்சிங், சைக்காலஜி, கேஸ் ஸ்டடி, சார்ட், மாடல்னு வீடு பூரா கலர் பேப்பரும் பெவிகாலும். காசு குடுத்தா எழுதித் தர ஆளு இருக்காங்க, ஆனா பிராக்டிகலுக்கு வெளியில இருந்து வர எக்ஸாமினர் ரெக்கார்டப் புரட்டி ஏதாவது ஒரு பக்கத்த எடுத்து இது ஏன்மா இப்படின்னு கேட்டா முழிக்க வேண்டியது தான்.

இண்டர்ன்ஷிப் தான் எனக்கு நிஜமான பி.எட். செகண்ட் இயர்ல 16 வாரம், பேர்ணாம்பட்டு பக்கம் ஒரு ஸ்கூல். ஏழாவதுக்கு விகிதம் நடத்தணும், நான் ராத்திரி பூரா உக்காந்து ஆப்பிள் ஆரஞ்சு படம் வரைஞ்ச சார்ட்டோட போறேன், ஒருத்தருக்கும் ஏறல. ரெண்டாவது பெஞ்சுல ஒரு பையன், கணக்குல எப்பவும் சிங்கிள் டிஜிட், அவன் பாட்டுக்கு ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துகினு இருந்தான். அவங்க அம்மா பீடி சுத்தறாங்கன்னு தெரியும், அதனால சும்மா, ஆயிரம் பீடிக்கு இவ்ளோ கூலின்னா எழுநூறு பீடிக்கு எவ்ளோடான்னு கேட்டேன். டக்குனு சொன்னான். அதோட விட்டானா, கழிவுன்னு கொஞ்சம் தள்ளிட்டா எவ்ளோ வரும்னு அவனே சேர்த்து சொன்னான், நான் போர்டுல போட்டுப் பாத்து தான் சரின்னு சொன்னேன். அந்த பீரியட் முடியறதுக்குள்ள பாதி கிளாஸ் பீடிக் கணக்கு போட்டுகினு இருந்துது. கைடு டீச்சர் பின்னாடி உக்காந்து பாத்துட்டு, லெசன் பிளான்ல பீடின்னு எழுதாத, ஊதுபத்தின்னு மாத்தி எழுதிக்கம்மான்னு மட்டும் சொன்னாங்க.

இப்ப டெட். 2009 கல்வி உரிமைச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் 2010 ஆகஸ்டுல என்.சி.டி.இ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) போட்ட ரூல் இது, எட்டாவது வரைக்கும் பாடம் எடுக்க டெட் கண்டிப்பா வேணும். நம்ம ஸ்டேட்ல முதல் டெட் 2012 ஜூலை 12, ஆறரை லட்சம் பேருக்கு மேல எழுதி 2448 பேர் தான் பாஸ், அந்த ரிசல்ட் வந்தப்ப நான் ஸ்கூல் பொண்ணு, எங்க டீச்சருங்களே முகத்த தொங்கப் போட்டுகினு இருந்தது ஞாபகம் இருக்கு. மறுபடி அக்டோபர்ல ஒரு எக்ஸாம் வெச்சாங்க. அப்புறம் 2013, அதோட நாலு வருஷம் கழிச்சு 2017, அடுத்து 2019, அடுத்தது நான் எழுதினது, 2022ல நோட்டிபிகேஷன் வந்து பேப்பர் ரெண்டு 2023 பிப்ரவரில தான் நடந்துது. வருஷா வருஷம் வரும்னு நம்பி வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்துடாதீங்க, நான் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல சொற்ப சம்பளத்துக்கு வேலை பாத்துகினே தான் படிச்சேன்.

150 கேள்வி, 150 மார்க், மைனஸ் மார்க் கிடையாது. சைக்காலஜி 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30, மீதி 60 எங்களுக்கு மேத்ஸ் சயின்ஸ், ஆர்ட்ஸ் குரூப்புக்கு சோஷியல். நான் எழுதினப்ப பாஸ் மார்க் பொதுப்பிரிவுக்கு 90, எங்கள மாதிரி இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 82. 55 சதவீதம்னா 82.5 வரணும், அந்த அரையத் தள்ளிட்டு 82னு வெச்சாங்க, அந்த அரை மார்க்குல பொழச்சவங்க எத்தனையோ பேரு.

மேத்ஸ் மேஜருக்கு ஆபத்து அந்த 60லயே இருக்கு, அதுல பாதி சயின்ஸ். பத்தாவதோட பயாலஜிய மறந்தவ நான், மைட்டோகாண்ட்ரியாவ மறுபடி முதல்ல இருந்து படிச்சேன். கைடு புக்கு தடி தடியா வாங்கி அடுக்கறத விட ஆறுல இருந்து பத்து வரைக்கும் ஸ்கூல் புக்க வரி வரியா படிங்க, அதுவும் 2018ல இருந்து மாறின புது புக்கு, அண்ணன் படிச்ச பழைய சமச்சீர் புக்கு வீட்ல இருக்குன்னு அதையே வெச்சிக்காதீங்க. சைக்காலஜில பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க்னு குழந்தைங்க வளர்ச்சி பத்தி எழுதினவங்க பேர மட்டும் மனப்பாடம் பண்ணா வேலைக்காகாது, ஒரு பையன் இப்படி பண்றான், இது எந்த நிலைன்னு தான் கேள்வி வருது. எனக்கு அதுல கை குடுத்தது கோச்சிங் சென்டர் இல்ல, அந்த 16 வாரம் தான். காசு கம்மியா இருக்கறவங்க மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வப் பயிலும் வட்டம்னு இலவசமா கிளாஸ் நடத்தறாங்க, போய் விசாரிச்சு பாருங்க.

பாஸ் ஆனதும் தெருவுல ஸ்வீட் குடுத்தோம், பெரியம்மா எப்பம்மா வேலைக்குப் போறன்னு கேட்டாங்க. அங்க தான் எல்லாருக்கும் குழப்பம். டெட் பாஸ்னா டீச்சர் ஆகத் தகுதி இருக்குன்னு ஒரு சர்டிபிகேட், அவ்ளோ தான். முன்ன ஏழு வருஷம் தான் செல்லும், 2021ல ஆயுசுக்கும் செல்லும்னு மாத்திட்டாங்க, அது வரைக்கும் சந்தோஷம். ஆனா 2018ல வந்த ஜி.ஓ 149 படி கவர்மெண்ட் வேலைக்கு டெட் பாஸ் ஆனவங்க எல்லாம் இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும். எய்டட் ஸ்கூல்னா டெட் இருந்தா நிர்வாகமே எடுத்துக்கலாம், ஆனா கல்வித் துறை அப்ரூவல் வர வரைக்கும் சம்பளம் ஒரு பெரிய கேள்விக்குறி, கேட்டுத் தெரிஞ்சிகினு போங்க.

அந்தப் போட்டித் தேர்வு தான் யு.ஜி டி.ஆர்.பி, நான் எழுதினது 2024 பிப்ரவரி 4. அதுல முதல்ல தமிழ் தகுதித் தேர்வு, 50க்கு 20 எடுக்கலைன்னா மெயின் பேப்பரத் திருத்தவே மாட்டாங்க. மெயின் 150 மார்க் பூரா உங்க சப்ஜெக்ட், இங்க ஸ்கூல் புக்கு மட்டும் போதாது, காலேஜ் நோட்ஸ தூசி தட்டணும், ரியல் அனாலிசிஸ் எல்லாம் வரும்.

அப்புறம் வந்துது பி.எஸ்.டி.எம், அதாவது தமிழ் வழியில படிச்சதுக்கான சர்டிபிகேட். தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, எங்க மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய விஷயம். முன்ன டிகிரிய தமிழ் மீடியத்துல படிச்சிருந்தாலே போதும், 2020ல சட்டத்த மாத்தி ஒண்ணாவதுல இருந்தே தமிழ் மீடியம்னு காட்டணும்னு ஆக்கிட்டாங்க. அதாவது நீங்க படிச்ச ஒவ்வொரு ஸ்கூல், காலேஜ், பி.எட் எல்லாத்துலயும் போய் குறிப்பிட்ட ஃபார்மட்ல சர்டிபிகேட் வாங்கணும். நான் ஆரம்பப் பள்ளி படிச்சது பாட்டி ஊருல, ஆறுல இருந்து எட்டு வரைக்கும் ஆம்பூர் பக்கம், மீதி குடியாத்தம், பி.எட் ராணிப்பேட்டை பக்கம். படிக்கும்போது எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம், 2019ல மூணாப் பிரிச்சதுல இப்ப மூணு மாவட்டம், மூணு பக்கமும் பஸ் ஏறினேன்.

பாட்டி ஊரு ஸ்கூல்ல எச்.எம் புதுசு, என்ன அவங்களுக்குத் தெரியாது, ஆனா ரொம்பத் தங்கமானவங்க. பீரோவத் திறந்து பழைய சேர்க்கைப் பதிவேடு எல்லாம் இறக்கினாங்க, ஒண்ணுல கரையான் ஓரமா அரிச்சிருந்துது, மேல வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னு அடிச்ச சீல், அந்தப் பேரு மாறியே வருஷக்கணக்காச்சு. ரெண்டு பேரும் தரையில உக்காந்து பக்கம் பக்கமா விரலால தேடினோம், என் பேர்ல அஞ்சு பொண்ணுங்க. கடைசில நைனா பேர வெச்சு கண்டுபிடிச்சோம், கார்டியன் கையெழுத்துல பாட்டியோட கைநாட்டு, மை லேசா வழிஞ்சு. பயிற்று மொழின்னு ஒரு காலமே அதுல இல்ல, அப்ப அந்த ஊர்ல தமிழத் தவிர வேற மீடியமே இல்லையேன்னு சொல்லி எச்.எம் சிரிச்சாங்க, ஸ்கூலே தமிழ் வழி தான்ங்கறதால சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. எல்லா இடத்துலயும் இப்படி நடக்கல. ஒரு ஸ்கூல்ல எழுத்தர் லீவு, அடுத்த தடவ எச்.எம் மீட்டிங், அதுக்கு அடுத்து சீல் இருக்கற ரூமோட சாவி இல்ல. நல்லவேளை ரிசல்ட் வரதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருந்தேன்.

சர்டிபிகேட் கைக்கு வந்ததும் அங்கயே நின்னு படிங்க. இனிஷியல், பதிவு நம்பர், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம், கையெழுத்துக்குக் கீழ தேதி, ஆபீஸ் சீல். சி.வி (சான்றிதழ் சரிபார்ப்பு) அன்னிக்கு எனக்கு முன்னாடி இருந்த அக்காவோட பேப்பர்ல எல்லாம் இருந்துது, கையெழுத்துக்குக் கீழ தேதி மட்டும் இல்ல, அந்த அக்கா மூஞ்சியப் பாக்கவே கஷ்டமா இருந்துது. கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு இன்னொண்ணு, ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல் மாத்தி வெச்சிருப்பீங்க, மார்க் ஷீட்ல நைனா இனிஷியல் இருக்கும், அப்ளிகேஷன்ல பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கற மாதிரியே போடுங்க. சாதிச் சான்றிதழும் நைனா பேர்ல இருக்கறது தான் செல்லும், வீட்டுக்காரர் பேர்ல புதுசா வாங்கினது செல்லாது.

ஆர்டர் வந்து ஸ்கூல்ல சேர்ந்தாச்சு. இங்க ஒரு கூத்து. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துது, ஏற்கெனவே சர்வீஸ்ல இருக்கறவங்களும், ரிட்டயர்மெண்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு. அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க அப்படியே வேலை பாக்கலாம், ஆனா ப்ரமோஷன் வேணும்னா டெட் வேணும். டெட் வரதுக்கு முன்னாடியே வேலைக்கு வந்தவங்கள இப்ப போய் எழுதச் சொல்றது எந்த ஊரு நியாயம்னு எனக்குத் தெரியல, பாடம் எடுக்கறதுல அவங்க கால் தூசுக்கு நான் வர மாட்டேன். எங்க ஸ்டாஃப் ரூம்ல சீனியர் டீச்சர் ஒருத்தங்க சாப்பாட்டு டைம்ல என் பழைய நோட்ட வாங்கி வெச்சிகினு, பியாஜேவோட நாலு நிலையையும் ஒவ்வொண்ணா எங்கிட்ட ஒப்பிக்கறாங்க, மூணாவது நிலைல திக்கினதும் டிபன் பாக்ஸ மூடிட்டு, இந்த ஆளு நம்ம எட்டாவது பி செக்ஷன் பசங்கள ஒரு நாள் வந்து பாத்திருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாருன்னு சொல்றாங்க.