நான்கு பேருக்கு ஒரு பாய்: ச்சன் சீட்டாட்டத்துக்கு ஆப் செய்து பார்த்த அனுபவம்

வியட்நாமின் ஹனோயில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரப் பாட்டி இருக்கிறார். போன வருடம் வரை ஞாயிறு மதியங்களில் அங்கே பாய் விரித்து நான்கு பேர் சீட்டாடுவார்கள். ஆட்டத்தின் பெயர் ச்சன். அவர்களில் ஒருவர் மகனோடு சைகோனுக்குக் குடிபோய்விட்டார். மீதி மூன்று பேரும் வந்து தேநீர் குடித்துவிட்டுச் சும்மா எழுந்து போவதை இரண்டு மாதம் பார்த்தேன். அப்புறம்தான் இந்த வேலையைத் தொட்டேன். ச்சன் ஆட ஆப்கள் ஏற்கனவே இருக்கின்றன, ஆனால் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார இவர்களுக்கு விருப்பமில்லை. இந்த நால்வருக்கு மட்டுமான பாய் ஒன்று வேண்டும்.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தோ தோம் என்ற 120 சீட்டு ஆட்டத்திலிருந்து 20 சீட்டைக் கழித்தால் ச்சன். வன், வான், சாச் என்று மூன்று வகை, ஒவ்வொன்றிலும் 2 முதல் 9 வரை, தனியாக ச்சி ச்சி என்று ஒரு சீட்டு. ஆக 25 விதம், விதத்துக்கு 4, மொத்தம் 100. ஆளுக்கு 19, தொடங்குபவருக்கு 20, மீதி 23 நடுவில் கட்டாக இருக்கும். அந்தக் கட்டுக்கு நொக் என்று பெயர். அச்சு அசலாக ஒரே சீட்டு இரண்டு சேர்ந்தால் அது ஒரு ச்சன். எண் ஒன்றாகி வகை மாறினால் அது கா. 20 சீட்டும் ஜோடி சேர்ந்து, அதில் குறைந்தது 6 ச்சன் இருந்தால் ‘ஊ’ என்று கூவி ஜெயிக்கலாம்.

முதல் தலைவலி சீட்டின் வடிவம். விரல் அகலத்தில் நீளமான சீட்டுகள், அவற்றில் சீன எழுத்து. இன்றைய வியட்நாமியர் பெரும்பாலோருக்கு அந்த எழுத்து தெரியாது. ‘வான் சதுரம், வன் குறுக்கு, சாச் கோணல்மாணல்’ என்ற பொருளில் ஒரு வாய்ப்பாட்டு வைத்துத்தான் அடையாளம் பிடிக்கிறார்கள். எனக்கும் பாட்டி அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். அதனால் எழுத்தின் அந்த வடிவத்தைப் பெரிதாக்கினேன், படங்களைச் சிறிதாக்கினேன். ஆனாலும் 19 சீட்டை வரிசையாக அடுக்கினால், 360 புள்ளி அகலமுள்ள போனில் ஒன்றுக்கு 19 புள்ளிதான் கிடைக்கிறது. விரலால் தொட 48 புள்ளியாவது வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. கடைசியில் கையில் விரித்துப் பிடிப்பது போலவே விசிறியாக்கினேன். கட்டைவிரலை விசிறி மேல் ஓட்டினால் அடியில் உள்ள சீட்டு எழும்பும், மேலே தள்ளினால்தான் பாயில் விழும். ஆப் எழுதப் பயன்படுத்திய ஃப்ளட்டர் என்ற மென்பொருள் கருவியில் இதற்கு மட்டும் மூன்று வாரம் போனது. போனதில் வருத்தமில்லை, பாட்டியின் விரல் முதல் நாளே அதற்குப் பழகிவிட்டது.

இரண்டாவது, ச்சியூ. கையில் ஒரே சீட்டு மூன்று இருக்கும்போது நான்காவது வெளியே வந்தால், முறை யாருடையது என்று பார்க்காமல் ‘ச்சியூ’ என்று கூவி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நேரம் கொடுக்க ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். யாரிடமாவது மூன்று இருந்தால் மட்டும் நிறுத்தும்படி முதலில் எழுதினேன். அது பெரிய தப்பு. ஆட்டம் நின்றாலே யாரோ ஒருவரிடம் மூன்று இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இப்போது ஒவ்வொரு சீட்டும் நொக்கிலிருந்து 2 விநாடி நகர்ந்துதான் தன் இடத்தில் போய் அமர்கிறது. அந்த 2 விநாடிதான் அவகாசம். எல்லாச் சீட்டுக்கும் ஒரே வேகம் என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது.

நான் அதிகம் கற்றுக்கொண்டது விதிகளில்தான். ச்சன்னில் விதிகள் கறார். ஒரு சீட்டைப் போட்டுவிட்டு, பிறகு அதே சீட்டை எடுத்தால் தப்பு. பிடிபட்டால் தண்டம். இப்படிப்பட்ட தப்புகளை ஆப் அனுமதிக்கவே கூடாது என்று எல்லாவற்றையும் அடைத்துவைத்தேன். அதே போல, ஜெயித்தவர் தன் கையில் என்னென்ன சிறப்புச் சேர்க்கை இருக்கிறது என்று வாயால் அறிவிக்க வேண்டும். ஸுவொங் என்பார்கள். தவறாகச் சொன்னால் ஜெயித்தும் நஷ்டம். அதையும் ஆப்பே கணக்குப் போட்டு எழுதிக் காட்டும்படி செய்தேன். பெருமையாகப் பாட்டியிடம் கொடுத்தேன். இரண்டு ஆட்டம் ஆடினார். “எல்லாம் இதுவே சொல்லிவிட்டால் நான் எதற்கு?” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று இரவே இரண்டையும் அழித்தேன். இப்போது தப்பாக ஆடலாம். மற்ற மூவரில் யாராவது கண்டுபிடித்துப் பொத்தானை அழுத்தினால்தான் சர்வர் சரிபார்க்கும். கண்டுபிடிக்காவிட்டால் தப்பியது லாபம். ஸுவொங் குரலில்தான்: பொத்தானை அழுத்திப் பிடித்து அறிவிக்க வேண்டும், 10 விநாடி. சரியா தப்பா என்று பாயில் இருப்பவர்களே முடிவு செய்வார்கள். ஆட்டம் முழுக்கவும் மைக் திறந்தே இருக்கும். இவர்கள் ஆடியதே பேசுவதற்காகத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பேச்சு என்றதும் இன்னொரு சிக்கல். ‘உங்கள் முறை’ என்று அறிவிப்பு அனுப்ப, பெரும்பாலான ஆப்கள் ‘பான்’ என்ற சொல்லைப் போடுகின்றன. நண்பர் என்று பொருள். எழுபது வயதுக்காரரை அப்படி அழைத்தால் நன்றாகவா இருக்கும்? வியட்நாமிய மொழியில் நீ, நான் என்பதற்கே உறவுச் சொல்தான் வரும். நான் பாட்டியை ‘பா’ என்பேன், என்னை ‘ச்சாவ்’, அதாவது பேரன் என்று சொல்லிக்கொள்வேன். நம்மூர் அக்கா, அண்ணனுக்கும் மேலே போகிறது இது. அதனால் பாயில் சேரும்போதே ஒவ்வொருவரும் மற்ற மூவரையும் எப்படி அழைப்பார் என்று ஆப் கேட்டுக்கொள்ளும். அறிவிப்புகள் அந்தச் சொல்லோடுதான் போகும்.

பணம், வாங்கும் நாணயம், பரிசு எதுவும் கிடையாது. பணம் வைத்து இப்படிச் சீட்டாடுவது வியட்நாமில் சட்டவிரோதம். அது இல்லாவிட்டாலும் வைத்திருக்க மாட்டேன்.

போன ஞாயிறு முதல் முறையாக நால்வரும் முழுதாக ஆடினார்கள், மூன்று பேர் கீழே பாயில், ஒருவர் சைகோனில். நான்காவது ஆட்டத்தில் சைகோன் பாட்டி ‘ஊ’ கூவினார். மூன்று பேரும் போனை நடுவில் வைத்துக் குனிந்து கேட்டார்கள். அவர் இழுத்து இழுத்து ராகமாக அறிவித்துக்கொண்டே போக, பாதியில் குரல் அறுந்துவிட்டது, 10 விநாடி முடிந்திருந்தது. கீழே மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே உட்கார்ந்து அதை 30 ஆக்கினேன். அவர் முதலிலிருந்து மறுபடி சொன்னார்.