சூரைச்செடிக்கு அடியில ஒரு அடை

விடியக்காலம் மூணு மணிக்கு டான்னு முழிப்பு வந்துரும். அப்பாவ அடக்கம் பண்ணி நாலு மாசம் இருக்கும் அப்ப. ரோட்டுல ஒரு லாரி போகும், எங்கயாவது ஒரு நாய் குலைக்கும், மத்தபடி காரைக்குடியே தூங்கிக்கிட்டு இருக்கும், நான் மட்டும் ஃபேன பாத்துக்கிட்டு கிடப்பேன். அழுகை கூட வரல, அதான் பயமா இருந்துச்சு. கண்டாங்கி சேலைக் கடையில கணக்கு எழுதுறவ நான், ஒரே பில்ல மூணு தடவ ஏத்தி வச்சிருக்கேன், முதலாளி திட்டக்கூட இல்ல, ஒரு மாதிரியா பாத்துட்டுப் போயிட்டாரு. ஜெபம் பண்ண உக்காந்தா "ஆண்டவரே"ன்னு ஆரம்பிக்கும், அதோட நின்னுரும்.

சபையில ஜெபக்குழு அக்கா ஒருத்தங்ககிட்ட சொன்னேன். "விசுவாசம் குறைஞ்சிருச்சும்மா, மூணு நாள் உபவாசம் போடு"ன்னாங்க. ஏற்கனவே சோறு இறங்காம ஆறு கிலோ கொறஞ்சு போன ஆளுக்கு உபவாசம்! ஆனா அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ரெண்டு ராத்திரி எனக்காக முழிச்சிருந்தது இதே அக்காதான், அதனால கோவப்படவும் முடியல. பைபிள்ல பவுல் எழுதுன கடிதம், பிலிப்பியர் 4:6, "ஒன்றுக்குங் கவலைப்படாமல்", அத வாட்ஸப்புல தினமும் யாராச்சும் அனுப்புவாங்க. அதே பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதுன ரெண்டாம் கடிதத்துல, முதல் அதிகாரத்துலயே, எங்க பலத்துக்கு மிஞ்சின பாரம், பிழைப்போங்கிற நம்பிக்கையே போச்சுன்னு எழுதிருக்காரு. அத யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

எனக்குப் பிடி கிடைச்சது பைபிள்ல வர்ற எலியா தீர்க்கதரிசிகிட்ட. கர்மேல் மலையில வானத்துலருந்து அக்கினி இறங்கப் பாத்த மனுசன், அடுத்த அதிகாரத்துலயே, 1 இராஜாக்கள் 19, யேசபேல் ராணி மிரட்டுனதால பெயெர்செபா ஊரு வரைக்கும் ஓடி, கூட வந்த வேலைக்காரனையும் அங்கயே விட்டுட்டு, தனியா ஒருநாள் வழி வனாந்தரத்துக்குள்ள போய் சூரைச்செடிக்கு அடியில உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாவு கேக்குறாரு. சின்ன வயசுல சண்டே கிளாஸ்ல அக்கினி கதைய மட்டும் படம் போட்டு சொல்லிக் குடுத்தாங்க, இந்த பக்கத்த தாண்டிட்டாங்க. இங்க ஆண்டவர் என்ன பண்றாருன்னு பாருங்க. ஏன்டா நேத்து அவ்ளோ பெரிய அற்புதம் பாத்தியேன்னு ஒரு வார்த்தை இல்ல. தூங்க விடுறாரு. தூதன் வந்து தட்டி எழுப்புறான், தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் இருக்கு. தின்னுட்டு மறுபடி படுத்துக்கிறாரு, அதுக்கும் திட்டு இல்ல! ரெண்டாந்தரம் எழுப்பி இன்னொரு தடவ சாப்பாடு, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்"னு மட்டும் சொல்றான். இங்க என்ன செய்றேன்னு கேள்வி வர்றதே நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனப்புறந்தான்.

எனக்கு அடை கொண்டுவந்தது பக்கத்து வீட்டு ஆச்சி. அவ்ளோ பெரிய வீட்டுல முகப்புலருந்து பின்கட்டு வரைக்கும் அவங்க ஒரே ஆளு, பிள்ளைங்க எல்லாம் சிங்கப்பூர். ஒரு நாள் காலையில தூக்குல வெள்ளைப்பணியாரமும் மிளகாத் தொவையலும் எடுத்துட்டு வந்து, "என்னாத்தா இப்புடி கருத்துப் போயிட்ட, உக்காரு, தின்னு"ன்னாங்க. நாலு தின்னேன். அப்பதான் அழுகை வந்துச்சு. செட்டியார் போனப்ப ஒரு வருசம் மாத்திரை சாப்பிட்டேன்னு அவங்களே சொன்னாங்க, சும்மா காய்ச்சல் மாத்திரை மாதிரி சொன்னாங்க.

அடுத்த வாரம் பஸ் ஏறி மதுரைக்கு மனநல டாக்டர பாக்கப் போனேன். சிவகங்கை கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயே மனநலப் பிரிவு இருக்கு, தெரிஞ்சவங்க பாத்துருவாங்களோங்கிற வெக்கத்துல அவ்ளோ தூரம் போனேன், இப்ப நெனச்சா வீண் செலவு. டாக்டரம்மா மொதல்ல தைராய்டும் ரத்த அளவும் பாக்கச் சொன்னாங்க, ஏன்னா தைராய்டு கொறஞ்சாலும் இதே சோர்வு வரும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய ரெண்டுலருந்து நாலு வாரம் ஆகலாம், நல்லா இருக்குன்னு நீயா பட்டுன்னு நிறுத்திறக் கூடாதுன்னாங்க. மொத வாரம் வயித்தப் புரட்டுச்சு, விட்டுரலாமான்னு தோணுச்சு, விடல. மூணாவது வாரம் ஒரு நாள் அஞ்சரை மணி வரைக்கும் தூங்கிட்டேன், எந்திரிச்சு செல்ல பாத்துட்டு நம்பவே முடியல.

ராத்திரியில ரொம்ப முடியலன்னா, சாகலாம்னு தோணுச்சுன்னா, 14416க்கு அடிங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ஜெபக்குழுவுக்கும் சொல்லுங்க, வேணாங்கல, ஆனா அத மட்டும் நம்பி விடியுற வரைக்கும் தனியா கிடக்காதீங்க.

மாத்திரை இன்னும் ஓடுது. இப்ப ஜெபம் ரெண்டு மூணு வரி வருது, சங்கீதம் 88ஐ சத்தமா வாசிப்பேன், கடைசி வரி வரைக்கும் ஒரு ஆறுதலும் சொல்லாம முடியுற சங்கீதம் அது, அதனாலயே எனக்குப் பிடிக்கும்.

போன வாரம் ஆச்சிகிட்ட எலியா கதைய சொன்னேன். தலையாட்டி முழுசா கேட்டாங்க. கேட்டுட்டு, "வெறும் அடையவா குடுத்துச்சு உங்க சாமி? தொட்டுக்க ஒண்ணும் இல்லையா?"ன்னாங்க.